சம்பந்தியம்மா கேட்டதெல்லாம் இருக்கு

…அதான் சொல்றேனே, எல்லாம் அந்தக் கொரிய பாஷையால வந்த வினை! கைய தூக்குங்க. ஆடாம நில்லுங்க, ஆடினா சுடிதார் தோள்ல கோணிக்கும். அப்புறம் தையக்காரிய திட்டுவீங்க.

என் மருமக கொரியாக்காரிதானே? தங்கமான பொண்ணு, அது வேற விஷயம். "அத்தே, எங்கம்மாகிட்ட ரெண்டு வார்த்தை அவங்க பாஷையில பேசுங்களேன்"னா. சரின்னு நோட்டும் பேனாவுமா உக்காந்து, தோட்டம், நாய், பொண்ணுன்னு பத்து வார்த்தை எழுதிக்கிட்டேன். மொதப் பாடமே 'இருக்கு'. இஸ்ஸொயோ! நம்மள மாதிரியேதாங்க… தெருவுல மரம் இருக்குன்னாலும் இஸ்ஸொயோ, எங்கிட்ட குடை இருக்குன்னாலும் இஸ்ஸொயோ. அடடே, இவ்வளவுதானான்னு ஆயிருச்சு எனக்கு! ரெண்டாம் பாடம் 'இல்ல'. அத நான் படிக்கவே மாட்டேன்னுட்டேன். டப்பா காலியானாக்கூட 'நெறஞ்சிருக்கு'ன்னு சொல்ற வீட்டுல வளந்தவ நான். அந்த வார்த்தை நாக்குல ஏறுமா?

அப்புறமென்ன… சம்பந்தியம்மா வீடியோல வந்தாங்க. தோட்டம் இருக்கான்னாங்க. இஸ்ஸொயோ! ரெண்டு தொட்டி இருக்கே. நாய் இருக்கான்னாங்க. இஸ்ஸொயோ! தெருவுல நாலு திரியுதே. திரும்புங்க… இந்தப் பக்கம். அந்தம்மாவுக்கு ஒரே பூரிப்பு. அடுத்து, "பொண்ணு இருக்கா?"ன்னாங்க.

இஸ்ஸொயோன்னுட்டேன்.

சிரிக்காதீங்க! ஒத்த ஆம்பளப் புள்ளையப் பெத்தவ நான். நாளைக்கு அந்தம்மா வந்து எறங்கறாங்க, கல்யாணமாகாத ரெண்டாவது மகனையும் கூட்டிக்கிட்டு. என் பொண்ணப் பாக்கறதுக்கு! மருமக முகத்துல ஈயாடல. "எங்கம்மா உங்களப் பொய்க்காரின்னு நெனச்சா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கறது அத்தே"ன்னு காலையிலேருந்து அழறா.

பாஷை புரியாம உளறிட்டேன்னுதான் அவகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். உங்ககிட்ட சொல்றதுக்கென்ன… நல்லாவே புரிஞ்சுது. ஒரு பொண்ணு பொறக்காதான்னு எத்தனை வருஷம் ஏங்கியிருப்பேன்! கேட்டதும் வாய் முந்திக்கிச்சு.

ஆமா… உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகலன்னுதானே சொன்னீங்க? மூக்குகூட என் சாடைதான். ஒரே ஒரு சாயங்காலம், எங்க வீட்டுல வந்து என் பக்கத்துல சும்மா உக்காந்தா… பேசக்கூட வேணாம், நான் பேசிக்கறேன்… ஏங்க! எங்க ஓடறீங்க? அது பாதி தெச்ச சுடிதாருங்க! நில்லுங்க, இடுப்புல எட்டு குண்டூசி இருக்கு… ஐயோ, இது நெசமாவே இருக்குங்க!