வெள்ளிப் புறாவில் இருந்த எண்ணெய்

— கோயில் கதவ ஒடைக்காம தட்டியிருக்கலாமே, மூஷெல். சாவி வெச்சிருந்த ஆபேல் சாமியாரத்தான் முந்தாநேத்தே வெட்டிட்டீங்களே, கதவு என்ன பாவம் பண்ணுச்சு?

— தட்டிக்கிட்டு நிக்க எனக்கு நேரமில்ல, ஆயரே. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, எனக்கு முடிசூட்டு. பிரபுக்கள் அத்தனை பேரும் ஏரியத் தாண்டி வந்தாச்சு. என் நெத்தியில கோயிலோட புனித எண்ணெய் பட்டாத்தான் மண்டி போடுவாங்களாம்.

— கிரீடத்த கலீபா பாக்தாத்லேருந்து அனுப்பிட்டாராமே. குதிரை, பட்டு அங்கின்னு வேற வந்துச்சாம். எண்ணெய மட்டும் ஏன், ராசா, அவரு மறந்துட்டாரு?

— நக்கல் வேண்டாம். என் அண்ணன் மகன மனசுல வெச்சுத்தானே இப்படிப் பேசுறீங்க? குருடன் நாடாள முடியாது, சாமி.

— அது தெரிஞ்சுதானே அவன் கண்ணுல ஊசியக் காய்ச்சி எறக்கினே.

— போனது போச்சு. உங்களுக்குப் புதுக் கோயில் கட்டித் தர்றேன். அதோட சின்ன உருவத்தக் கையில ஏந்தி நான் கர்த்தருக்கு நீட்டுற மாதிரி சுவத்துல செதுக்கச் சொல்றேன்.

— அவரு அத வாங்காம கையக் கட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி செதுக்கச் சொல்லு. நீ கைக்கொழந்தையா இருந்தப்போ இதே எண்ணெயப் பூசி ஞானஸ்நானம் குடுத்தவன் நான். வீணாப் போச்சு.

— அந்த எண்ணெய ஊத்தி வெச்சு பீடத்துக்கு மேல தொங்குன வெள்ளிப் புறா என் கையில இருக்கு, பாத்துக்குங்க. நீங்க பூசலேன்னா வேற சாமியார் பூசுவான். பயந்தவனுங்களுக்கா பஞ்சம்?

— தாராளமா எடுத்துட்டுப் போ. ஒரு தடவ குலுக்கிப் பாத்துட்டுப் போ.

— காலியா இருக்கு. எங்க ஒளிச்சு வெச்சீங்க?

— ஒளிக்கல. தீந்துடுச்சு.

— புதுசா காய்ச்சுங்க. ஆலிவ் எண்ணெய் பீப்பாய் பீப்பாயா எறக்குறேன்.

— பழசுல ஒரு சொட்டாவது விட்டாத்தான் புதுசு புனிதமாகும். தயிருக்கு உறை ஊத்துற மாதிரி. உன் வீட்டு சமையக்காரிக்குக்கூடத் தெரியும். மத்த கோயில்ல இருந்ததெல்லாம் நீ வெச்ச தீயில போச்சு.

— அப்ப இருந்ததெல்லாம் அந்தக் குருட்டுப் பயலுக்கா பூசினீங்க? அவனா ராசா?

— அவனுக்கு இல்ல. சாமியார் செத்தா நெத்தியிலயும் வலது கையிலயும் எதப் பூசிப் பொதைப்போம்னு மறந்துட்டியா? கடைசிச் சொட்டு ஆபேல் நெத்தியில இருக்கு. மண்வெட்டி வாசல்ல சாத்தியிருக்கு, ராசா. தோண்டி, அவன் நெத்தியில உன் நெத்திய வெச்சுத் தேச்சுக்கோ.