ஒன்பதாம் கார்டு

மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கொடி கட்டியிருந்த காஜா பெராங் பஸ் நிறுத்தத்தில், எனக்கு முன்னால் நின்ற கண்ணாடிக்காரர் நண்பரிடம் பொரிந்து தள்ளினார்.

"சிரம்பான்ல இருக்குற என் மச்சான் தபால்ல சதுரங்கம் ஆடுறதுலயும் திருடுறான்யா!"

"கார்டுல ஆடுற ஆட்டத்துல என்னத்தத் திருட முடியும்?"

"ஒவ்வொரு கார்டுக்கும் நம்பர் போட்டு என் ஆட்டத்தை எழுதி அனுப்புறேன். எட்டு வரைக்கும் வந்துச்சாம், ஒன்பது மட்டும் வரலையாம். ஒளிச்சு வச்சுக்கிட்டு எவன்கிட்டயோ யோசனை கேக்குறான். வெள்ளைக்காரன் போனாலும் அவன் காய் நகராது!"

"அவனையே கேட்டியா?"

"திருடன்னே எழுதி, நேத்து நானே போய்ப் போட்டுட்டேன். தங்கச்சியும் படிக்கட்டும்."

நண்பர் சட்டைப் பையைத் தடவி, மடங்கிப்போன கார்டு ஒன்றை எடுத்தார்.

"போன வாரம் போடச் சொல்லிக் கொடுத்தியே, இதுதான் ஒன்பதா?"