கொதிக்க வைத்த கம்பிகள்

மாலை ஆறு மணி பத்து நிமிடம். ஜாவாவில், மஜாலயா ஊருக்குத் தெற்கே, வயல்களுக்கு நடுவில் போகும் கால்வாய்ச் சாலை. ஒரு பக்கம் நாற்று. மறு பக்கம் சாயப் பட்டறைகள் விட்ட தண்ணீர்... அன்றைக்கு அது ஊதா நிறம். சாலையில் ஒரே ஒரு மோட்டார் சைக்கிள். ஓட்டியவன் முதுகில் ஒரு பேஸ் கிட்டார்.

மின்சாரம் இப்போதைக்கு வராது. தறிகள் நின்று அரை மணி நேரம் ஆகிவிட்டது. அதனால்தான் சொல்கிறேன். கிட்ட வந்து உட்காருங்கள். கதவை யாராவது சாத்திவிடுங்கள்.

இது எனக்கு நடந்ததல்ல. நம் நெசவுப் பிரிவு யாயாத் இருக்கிறானே, அவன் தங்கையின் கணவன் நந்தாங்குக்கு நடந்தது. யாயாத் இதை என்னிடம் ஒரே தடவைதான் சொன்னான். பாதியில் நிறுத்தினான்... பிறகு முடித்தான்.

நந்தாங் சாயப் பட்டறைத் தொழிலாளி. சனிக்கிழமைகளில் மட்டும் ஓர் இசைக்குழு. டெடென் பாடிக்கொண்டே கிட்டார் வாசிப்பான். செசெப் டிரம்ஸ். நந்தாங் பேஸ். வாடகை ஒத்திகை அறையில் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். ஆனால் பட்டறையில் ஆறு நாளும் அவனுக்கு ஓர் எண்தான் இருந்தது. சனிக்கிழமை மட்டும்தான் பெயர் இருந்தது.

குழுவில் அவன் இடம் பறிபோகும் நிலை. நந்தாங்கின் வாசிப்பு சுமார். கருவி அதைவிடச் சுமார். ஆகஸ்ட் பதினேழு சுதந்திர தின விழாப் போட்டிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. பாண்டுங் கடையில் அவன் ஐந்து கம்பி பேஸ் ஒன்றைத் தடவிப் பார்த்தபோது செசெப் சிரித்தான்.

"நாலு கம்பிலயே நீ வழி தெரியாம சுத்துற. அஞ்சாவது எதுக்குடா? சாயத் துணி காயப்போடவா?"

டெடென் சிரிக்கவில்லை. "வெளிப்படையாவே சொல்லிடறேன் நந்தாங். உன் பேஸ் தகர டப்பா தட்டுற மாதிரி இருக்கு. நல்லதா ஒண்ணு தேடு. இல்லேன்னா போட்டியில என் மச்சான் வாசிக்கட்டும்."

அப்படித் தேடித்தான் இமாஸ் என்ற பெண்ணின் வீட்டுக்குப் போனான். அவளுடைய கணவன் சாரிப் போன வருடம் இறந்துவிட்டான். அவன் வைத்திருந்த பழைய நாலு கம்பி பேஸ், நல்ல கனம். முழங்கை உரசிய இடத்தில் வர்ணம் தேய்ந்து மரம் தெரிந்தது. கம்பிகள் கறுத்துப் போயிருந்தன. இமாஸ் அதைத் துணியால் பிடித்துத்தான் தூக்கி வந்தாள்.

"கம்பிய மட்டும் மாத்திடு. இதுல வாசிக்காதே."

"சரி, தெஹ்." அக்கா முறையில் இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"பதினோரு வருஷமா மாத்தவே விடல. அழுக்குலதான் நாதம் இருக்குன்னுவாரு. கழட்டி, வெளியில எங்கயாவது எறிஞ்சிடு. என்ன?"

தலையாட்டிவிட்டு வந்தான். அந்தச் சாலையில்தான், மதகுக்குப் பக்கத்தில், வண்டி நின்று போனது. இன்ஜின் அணைந்தது. தவளைச் சத்தம்கூட இல்லை. ஆனால் முதுகில் அதிர்வு நிற்கவில்லை. உறைக்குள்ளிருந்து, முதுகெலும்பு வழியாக... நாலு தட்டு. ஓர் இடைவெளி. நாலு தட்டு.

காற்று என்று நினைத்துக்கொண்டான். அன்று காற்றே இல்லை என்று யாயாத் சொன்னான்.

பேஸ் கம்பி புதிதாக வாங்க அவனால் முடியவில்லை. இந்த ஊரில் வாசிக்கிறவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். பழைய கம்பிகளைக் கழற்றி, வினிகர் கலந்த தண்ணீரில் கொதிக்க வைத்தால் அழுக்கு இளகிப் போகும். செத்துப் போன ஒலி சில நாட்களுக்குத் திரும்பி வரும். நூடுல்ஸ் பாத்திரத்தில் போட்டான். பத்து நிமிடம். தண்ணீர் கறுத்தது. மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம். வினிகர் நெடிக்கு அடியில் இன்னொரு வாசனை எழுந்தது... கிராம்புச் சிகரெட், வியர்வை, வெகுநேரம் கட்டுப் போட்டிருந்த விரலின் வாசனை.

மனைவி எட்டிப் பார்த்தாள். "யாரு இங்க சிகரெட் குடிச்சது?"

அந்த வீட்டில் யாரும் புகைப்பதில்லை.

தண்ணீரைக் குளியலறையில் ஊற்றினான். அது உடனே இறங்கவில்லை. கொஞ்சம் நின்று, மடக்கு மடக்காக இறங்கியது.

அடுத்த சனிக்கிழமை ஒத்திகையில் டெடென் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டான். "டேய்... இது நம்ம நந்தாங்தானா? எவன்கிட்டடா போய் கத்துக்கிட்ட?"

நந்தாங் சிரித்தான். ஆனால் அவன் விரல் பேஸின் கழுத்தில் ஒரு கட்டம் தள்ளித்தான் விழுந்திருந்தது. ஒலி சரியான இடத்திலிருந்து வந்தது.

அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதை நான் பல இரவுகள் யோசித்திருக்கிறேன். நாமாக இருந்தால் சொல்லியிருப்போமா? நண்பர்கள் முதன்முறையாக அவனைத் திரும்பிப் பார்க்கிறார்கள்...

ஆறு மணிக்கு மேல் மஃரிப் தொழுகைக்கான பாங்கு ஒலித்தது. பாங்கு முடியும்வரை எந்த இசைக்குழுவும் இங்கே வாசிக்காது. ஆம்ப்ளிஃபையர்களை அணைத்துவிட்டு மூவரும் தரையில் உட்கார்ந்தார்கள். பாங்கு ஓய்ந்தது. செசெப் கண்ணை மூடிக்கொண்டு மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"எதுக்குடா ஆட்டுற?" என்றான் டெடென்.

"நந்தாங் வாசிக்கிறான்ல, அதுக்குத்தான்."

நந்தாங்கின் கைகள் மடியில் இருந்தன. பேஸ் சுவரில் சாய்ந்திருந்தது.

செசெப் கண்ணைத் திறந்து பார்த்தான்.

போட்டிக்கு முந்தின நாள் நந்தாங் கம்பிகளைக் கழற்றிக் கால்வாயில் எறிந்தான். பேஸைக் கொண்டுபோய் இமாஸிடமே கொடுத்தான். அவள் அதை வாங்கவில்லை. அவன் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள்.

"கொதிக்க வெச்சியா?"

அவன் தலையாட்டினான்.

"தண்ணிய எங்க ஊத்துன?"

"வீட்டுல... குளியலறையில, தெஹ்."

"வீட்டுக்குள்ளயா?" அவள் கையை விட்டுவிட்டாள். "எத்தனையோ பேண்டுல போய்க் கேட்டாரு அந்த மனுஷன். ஒருத்தனும் சேத்துக்கல. சாகற வரைக்கும் சுவரப் பாத்தே வாசிச்சாரு." கதவைச் சாத்தும் முன் மெதுவாகச் சொன்னாள்: "நான் சொன்னதக் கேட்டிருக்கலாம்."

பேஸை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தான். அன்றிரவே டெடெனுக்குச் செய்தி அனுப்பினான். நான் வரவில்லை. உன் மச்சானைக் கூப்பிட்டுக்கொள்.

அதை அனுப்ப அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்...

விழா அன்று வீட்டிலேயே இருந்தான். தூரத்தில் ஒலிபெருக்கிகள் கேட்டன. ஒன்பது மணிக்கு டெடெனின் அழைப்பு.

"எங்கடா போன? முதல் பரிசுடா நமக்கு! மேடையில கூப்புடறாங்க, உன்னக் காணோம்!"

"நான்தான் வரவே இல்லையே, டெடென்."

"ஆமா, வராதவன்தான் அப்படி வாசிச்சான் பாரு! போடா. சனிக்கிழமை நேரத்துக்கு வந்துடு."

புகைப்படம் ஒன்றும் வந்தது. மேடையில் மூன்று பேர். பேஸ் வாசிப்பவன் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றான். உடம்பில் நந்தாங்கின் நீலக் கட்டம் போட்ட சட்டை. அந்தச் சட்டை அப்போது வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை யாயாத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஒத்திகை அறைக்குப் போனான். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், திட்டினாலும் பரவாயில்லை, தன் இடத்தைத் திரும்பக் கேட்டுவிட வேண்டும் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தானாம். படி ஏறும்போதே உள்ளே வாசிப்பது கேட்டது. பேஸின் ஒலி காதுக்கு வரவில்லை. தரை வழியாகப் பாதத்துக்கு வந்தது.

கதவைத் தட்டினான். வாசிப்பு நின்றது. டெடென் கதவை அரைவாசி திறந்தான். நந்தாங்கின் முகத்தைப் பார்த்தான். நன்றாகப் பார்த்தான்.

"டெடென்... நான்தான்டா."

டெடென் ஓரடி பின்வாங்கினான். முன்பின் தெரியாதவரிடம் பேசும் மரியாதையோடு கேட்டான்.

"யாரைத் தேடுறீங்க, அண்ணே?"

அறைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. சோம்பலான, சற்றே சலித்துக்கொள்ளும் குரல்.

"யாரோ வழி தவறி வந்திருக்காங்க. கதவச் சாத்துடா, நேரமாகுது."

அது நந்தாங்கின் குரல். யாயாத் சட்டென்று பக்கத்தில் நின்றவனைத் திரும்பிப் பார்த்தான்.

அவன் வாய் மூடியிருந்தது.