தலைக்கறி யாருக்கு

எடை குறைந்த துப்பாக்கி வாங்கியதற்குக் காரணம் என் தோள்பட்டை என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். நீங்களும் அப்படியே எழுதிக்கொள்ளலாம் ஐயா, பாதி உண்மைதான். பழைய இரட்டைக்குழலைச் சுமந்துகொண்டு சிறுமலை அடிவாரத்தில் ஏறி இறங்கினால் மறுநாள் கையைத் தூக்கிச் சட்டை போட முடியாது.

மீதிப் பாதி என் அக்கா புருஷன், நல்லுசாமி அத்தான்.

கடமான் சுடுவது குற்றம் என்று தெரியும். லைசென்ஸ் பயிர்க் காவலுக்குத்தான். கொய்யாத் தோப்பை அழிக்க வந்ததைச் சுட்டோம், அப்புறம் சும்மா நின்றதையும் சுட்டோம். எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம். எவன் குண்டில் உருப்படி விழுந்ததோ அவனுக்குத்தான் தலைக்கறி, மற்றதெல்லாம் சமபங்கு. தலை எந்த வீட்டு அடுப்பில் வேகிறதோ அந்த வீட்டுக்காரன்தான் வேட்டைக்காரன்.

எனக்கும் அத்தானுக்கும் ஒரே மாதிரித் துப்பாக்கி, ஒரே தோட்டா. இரண்டு பேரும் சுடுவோம். கூறு போடுகிற கருப்பணன் கிழித்துக் குண்டை எடுப்பார், தலை அத்தானுக்குப் போகும். எத்தனை வருஷம்! "உன் குண்டு காத்துல போயிருக்கும் மாப்ளே" என்று அத்தான் முதுகில் தட்டுவார். எரிச்சலாக இருக்காதா?

அதனால்தான் மதுரையில் சின்னக் குண்டு போடுகிற ரைஃபிள் வாங்கினேன். "பெரிய உருப்படிக்கு இது பத்தாதுண்ணே" என்றார் கடைக்காரர். இடம் பார்த்துச் சுட்டால் பத்தும். அதோடு எங்கள் பக்கம் வேறு எவனிடமும் அந்தக் குண்டு கிடையாது. எனக்கு வேண்டியது அதுதான்.

போன மாசியில் ஒரு கடமான் விழுந்தது. கருப்பணன் நெஞ்சுக்குள் கையை விட்டு எடுத்தது என் சின்னக் குண்டு. எல்லோரும் பார்த்தார்கள். அத்தான் அதை வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டுப் புதருக்குள் எறிந்தார்.

"எவனோ முன்னாடியே சுட்டது உள்ள கெடந்துருக்குலே. இம்புட்டூண்டு குண்டுல கடமான் சாகுமா?"

எல்லோரும் சிரித்தார்கள், கருப்பணனும்தான். தலை அத்தான் வீட்டுக்கே போனது. மதியம் சுந்தரம்மாள் அக்கா எனக்கு அதில் ஒரு கிண்ணம் கொண்டுவந்து, "செத்த நேரம் உக்காந்து தின்னுட்டுப் போ தம்பி" என்றாள். தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த முறை அத்தான் எனக்கு முன்னால் ஓடைக்குள் இறங்கினார். தலையில் வெள்ளைத் துண்டு. மான் என்று நினைத்தேன் என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. காதுக்குப் பின்னால் ஒரே குண்டு, விழுந்தவர் அசையவில்லை. சின்னக் குண்டில் சாகுமா என்று கேட்டவருக்குப் பதில் சொல்ல முடியாமல் போனது ஒன்றுதான் குறை.

கூட்டாளிகள் நல்லவர்கள். அக்கா முகத்துக்காக எல்லோரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். கருப்பணன்தான் அக்கா வாசலில் நின்று சொன்னார். "குனியும்போது அவரு துப்பாக்கியே வெடிச்சிருச்சு தாயி." அக்கா நம்பிக்கொண்டு அழுதாள். கருப்பணன் என் கையைப் பிடித்து, "ஆமான்னு மட்டும் சொல்லு அப்பு" என்று கெஞ்சினார். தலையாட்டியிருந்தால் இந்நேரம் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பேன்.

எப்படி ஐயா ஆட்டுவது? நானும் மனுஷன்தானே. கடைசியில் அதையும் அவர் சுட்டதாகவே ஆக்கிவிட்டார்கள்.