ஏப்ரல் பெட்டியின் கடிதம்

காபி தீய்ந்துபோயிருக்கிறது, சார்ஜென்ட். குறையாகச் சொல்லவில்லை. முப்பத்தொரு வருடமாக ருசி பார்ப்பதே என் வேலை. நாக்கு சும்மா இருக்காது. பதிவுக் கருவி ஓடட்டும். என் பெயர் வெர்னா க்ரோட்கே, வயது அறுபத்திரண்டு. பரோசா பள்ளத்தாக்கில் எங்கள் குடும்பம் ஐந்து தலைமுறையாகத் திராட்சை பயிரிட்டு மது செய்கிறது. வக்கீல் வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். வேண்டாம். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்.

எங்கள் மதுக் குழுவைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. நானூற்றுப் பதினோரு உறுப்பினர்கள். மாதம் ஒரு பெட்டி, அதில் ஆறு பாட்டில், மேலே என் கையெழுத்தோடு ஒரு கடிதம். மற்ற பண்ணைகளில் எல்லோருக்கும் ஒரே பெட்டியைக் கட்டி அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். நான் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தேர்ந்தெடுப்பேன். ஹோபார்ட்டில் இருக்கும் திருமதி பார்ஜெட்டர் வெள்ளை மதுதான் வேண்டும் என்று ஒன்பது வருடமாகக் கேட்கிறார். ஒன்பது வருடமாகச் சிவப்புதான் அனுப்புகிறேன். தனக்கு எது பிடிக்கும் என்பது பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. கர்வத்தில் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

ப்ரோக்கன் ஹில்லில் மெர்வ் ஓக்டன் என்று ஒருவர், சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஈரல் கெட்டுவிட்டது, டாக்டர் சொல்லிக் குடியை விட்டுவிட்டேன், இனி அனுப்ப வேண்டாம் என்று எழுதினார். மரியாதையான கடிதம். ஆனால் குடி வேறு, எங்கள் மது வேறு. அனுப்பினேன். பெட்டி திரும்பி வந்தது. ஒரு பாட்டிலை மட்டும் மாற்றி மறுபடி அனுப்பினேன். இப்படி மூன்று முறை. நாலாவது பெட்டி திரும்பி வரவில்லை, ஐந்தாவதும் வரவில்லை. ஆக, யார் சொன்னது சரி என்று நீங்களே சொல்லுங்கள்.

பிப்ரவரியில் அவருடைய மகள் ஜோயன் காரோட்டி வந்தாள். நாங்கள் ருசி பார்க்கக் கொடுக்கும் மேசையில் பன்னிரண்டு காலி பாட்டில்களை வரிசையாக வைத்தாள்.

"அப்பா போயிட்டாரு. நீங்க அனுப்பினதுல ஒரு சொட்டு மிச்சம் வைக்கல" என்றாள்.

"அப்படின்னா அவருக்குப் பிடிச்சிருந்திருக்கு" என்றேன். உள்ளதைத்தான் சொன்னேன். அவள் பாட்டில்களை அப்படியே விட்டுவிட்டுப் போனாள்.

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான் என் தம்பி லைல். மது நொதிக்கும் தொட்டிகளெல்லாம் அவன் பொறுப்பு. பெட்டிகள் என் பொறுப்பு. அதுவரை என் மேசை இழுப்பறையை அவன் தொட்டதில்லை. அன்று திறந்தான். 'நிறுத்துங்கள்' என்று வந்த கடிதங்கள் அறுபத்து மூன்று இருந்தன. எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தான். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவன் அழுதான், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, தாயும் புள்ளையுமா இருந்தாலும் வாயும் வயிறும் வேற. மே மாசத்துல இருந்து அவங்களே தேர்ந்தெடுக்கட்டும். வேணாங்கிறவங்களை விட்டுடுவோம். ஏப்ரல் கடிதத்தை நான் எழுதுறேன். எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கணும்."

மன்னிப்பாம். நானூற்றுப் பதினோரு பேரிடம், என் கடிதம் இருக்க வேண்டிய இடத்தில்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சிவப்பு மது நொதித்து முடிந்ததும் அதை வடித்துவிட்டு, தொட்டிக்குள் இறங்கித் திராட்சைத் தோலை மண்வெட்டியால் அள்ள வேண்டும். நொதித்தபோது எழுந்த வாயு அடியிலேயே தங்கியிருக்கும். அதற்கு நிறமும் கிடையாது, உள்ளே போனவன் உட்கார்ந்தால் எழுந்திருப்பதும் கிடையாது. எங்கள் பெரிய தாத்தா அப்படித்தான் போனார். அதனால் ஒருவர் விசிறி வைத்து அரை நாள் காற்றோட்டி, வாயுவை அளக்கும் கருவியை இறக்கிப் பார்த்து, 'ஆச்சு' என்பார். மற்றவர் இறங்குவார். முன்னவர் தொட்டியின் வாசலை விட்டு நகரக் கூடாது. ஒரு முறைதான் கேட்பது. இரண்டாவது முறை கேட்டால் கூடப்பிறந்தவரை நம்பவில்லை என்று அர்த்தம். வேறு பண்ணைகளில் இதற்கெல்லாம் காகிதத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். எங்களுக்குச் சொல்லே போதும்.

போன வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு லைல் மண்வெட்டியோடு ஏழாம் தொட்டிக்கு வந்தான்.

"காத்து ஓட்டியாச்சா அக்கா?"

"ஆச்சு."

விசிறியை நான் தொடவே இல்லை. அவன் குனிந்து உள்ளே இறங்கினான். நான் வீட்டுக்குப் போய் மதியச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் மெட்வர்ஸ்ட் இறைச்சியும் அறுத்து வைத்தேன். ஒரு தட்டுதான் வைத்தேன்.

விசிறி பழுதாகியிருக்கும் என்று ஊரே பேசியது, நீங்களும் அப்படித்தான் எழுதிக்கொண்டு போனீர்கள். அச்சகத்து கோரலி மட்டும் இல்லாவிட்டால் இன்றைக்கு நான் என் மேசையில் இருந்திருப்பேன். ஏப்ரல் கடிதத்தை நானே எழுதி அவளிடம் திங்கட்கிழமையே கொடுத்துவிட்டேன். அதில் 'மறைந்த என் தம்பி லைலின் நினைவாக' என்று இருந்தது. வியாழக்கிழமை சாகப்போகிறவனுக்குத் திங்கட்கிழமையே எப்படி நினைவு அஞ்சலி என்று நீங்கள் கேட்கிறீர்கள். வேறு எப்படிச் செய்ய முடியும்? அச்சகத்துக்குப் பத்தாம் தேதி கடைசி நாள். அதுதான் அந்தத் திங்கட்கிழமை. முப்பத்தொரு வருடத்தில் என் கடிதம் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. என் தம்பி சாவுக்காக ஏன் தவற வேண்டும்? தேதியை மறந்து தப்பாக எழுதிவிட்டேன் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நான் எதையும் மறக்கிறவள் இல்லை.

ஆமாம், நான்தான் கொன்றேன். தெரிந்தே, யோசித்தே செய்தேன். வருத்தப்படுகிறீர்களா என்று கேட்க வேண்டாம். அவன் நல்லவன்தான். ஆனால் யாருக்கு எது நல்லது என்பது அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

எழுதி முடித்ததும் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு காரியம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இருபதாம் தேதி பெட்டிகள் போயாக வேண்டும். மெர்வ் பெட்டியில் முகவரியை மட்டும் மாற்றியிருக்கிறேன், மகள் ஜோயன் பெயருக்கு. முதல் இரண்டு மூன்று பெட்டியைத் திருப்பி அனுப்புவாள். அப்புறம் பழகிவிடும்.