குண்டு எழுத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி

ஹலோ... கவினுங்களா? நான் சௌந்தர்யா... வெச்சிராதீங்க! ஏனுங்க, ஒரே நிமிசம். காலைல இருந்து அடிச்சு அடிச்சுப் பாக்கறேன்...

ஆமாங்க... ஆமாங்க, பாத்தேன். வாட்ஸ்அப்புல எனக்கே அனுப்பிட்டாங்க. உங்க பெரியப்பா போட்டோ, அதுக்கு மேல கண்ணீர் அஞ்சலின்னு பலூனாட்டம் எழுத்து...

அய்யோ, வெளையாட்டுக்கு யாராச்சும் செய்வாங்களா? எழவு ஊட்டுல? ... கேளுங்க. பெரியப்பா போயிட்டாருன்னு நீங்க சொன்னதும் எனக்குக் கை ஓடல, கால் ஓடல. எடுக்கறதுக்குள்ள பிளக்ஸ் கட்டோணும்னீங்க. உங்கக்கா பையன் காதுகுத்துக்கு நான் அடிச்சது கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. சொந்தக்காரங்க பேரெல்லாம் வரிசையா அதுலயே இருக்குதேன்னு போட்டோவை மாத்தி, தலைப்பை மாத்தி... எழுத்தை மாத்தல. கண்ணு நெறையத் தண்ணிங்க. எழுத்தா தெரிஞ்சுது?

ஆமாங்க... மாமா திட்டறது நாயந்தான். வந்தவங்க சிரிச்சா யாருக்குத்தான் பொறுக்கும்...

எனக்குத் தெரியாதுங்களா? அந்த எழுத்து பொறந்தநாளுக்கு, ஐஸ்கிரீம் கடைக்கு, பால்வாடிச் செவுத்துக்கு. கெட்ட காரியத்துக்கு நேரா நிக்கற ஒல்லி எழுத்துதான் போடோணும்னு கடைல எல்லாத்துக்கும் சொல்றவளே நாந்தானுங்க...

இருங்க, இருங்க, கடைக்கு ஆளு வந்திருக்குது... சொல்லுங்கண்ணா. மொதப் பொறந்தநாளா? ... ஆமாண்ணா, அந்தக் குண்டு எழுத்தே போட்டுக்கலாம், கொழந்தைக்கு அழகா இருக்கும். செத்த உக்காருங்க...

ஹலோ? இருக்கறீங்களா? ... புதுசா நானே அடிச்சு, நானே எடுத்துட்டு வாரேன். ராசிபுரத்துல இருந்து சேந்தமங்கலம் என்ன பெரிய தூரம்... வரவேண்டாமா? ஏனுங்க?

... எழுத்துக்காக இல்லீங்களா? அப்பறம் எதுக்கு?

... பேரா? ... ஆமா. போட்டேன். பசங்க வரிசைல உங்க பேருக்குப் பக்கத்துல, மருமகள்னு எம்பேரைப் போட்டேன். உப்பு சக்கரை மாத்தி இன்னும் கல்யாணத்தை உறுதி பண்ணலதான். ஆனா உங்கூட்டுல அத்தனை பேரும் மூஞ்சியத் திருப்பறப்ப, பெரியப்பா ஒருத்தருதானுங்க 'பிளக்ஸ் கடைல வேலை செஞ்சா என்ன, இவதான் நம்மூட்டு மருமவ'ன்னு சொன்னாரு. அவரு சொன்னதைத்தான போட்டேன்...

அத்தைகிட்டக் குடுங்க. நான் கால்ல உழுந்து... சரி. சரிங்க, குடுக்க வேண்டாம்.

நீங்க என்ன சொல்றீங்க? அவங்க சொல்றது இருக்கட்டும். நீங்க? ... சொல்லுங்க, சாமி.

... ஓ. வேற கடைல அடிச்சுக் கட்டியாச்சா.

நல்லதுதானுங்க. எழுத்து ஒழுங்கா இருக்குதா? ... ம். கருப்புல... ம். எல்லாத்து பேரும் இருக்குதுங்களா?

... உங்க பேரு?

... தனியாவா?

... யாரு அப்படிப் போடச் சொன்னது? மாமாவா? ... அத்தையா?

... நீங்களேவா?

ஹலோ... ஹலோ...