மாமியாருக்குப் பக்கத்தில் யார்?

மஸ்ஜித் தானாவிலிருந்து மலாக்கா போகும் பஸ்ஸில், முன் இருக்கையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"என் மாமியாரையும் என் அம்மாவையும் பக்கத்துல பக்கத்துல வைக்காத லா. ராத்திரி சண்டை வந்தா பிள்ளை எப்படித் தூங்கும்?"

எட்டிப் பார்த்தேன். இரண்டு பெண்கள். இளையவள் மடியில் பாதி தைத்த போர்வை. வீட்டார் ஒவ்வொருவரின் பழைய துணியிலிருந்தும் வெட்டிய கோணல்மாணலான துண்டுகள்.

"அக்கா, கிரேஸி கில்ட்னா இப்படித்தான். எது எங்க பொருந்துதோ அங்க வைக்கணும்."

"அதுதான் பொருந்தாதுங்கறேன். என் கல்யாணத்துல மூஞ்சத் திருப்பினவங்க, இன்னும் பேச்சு கிடையாது. அதை என் மக ஹாஸ்டலுக்கு வேற தூக்கிட்டுப் போகணுமா?"

"சரி, நடுவுல உங்க வீட்டுக்கார அண்ணன் சட்டைய வைக்கட்டுமா?"

"அவரா? சத்தம் கேட்டா மொத ஆளா வெளிய போயிடுவாரு. ஓரத்துல வை."

இளையவள் சிரித்துக்கொண்டே இரண்டு சேலைத் துண்டுகளையும் விலக்கினாள். நடுவில் ஒரு கோணல் இடைவெளி விழுந்தது.

மூத்தவள் கைப்பையைத் துழாவி, நீலப் பூப்போட்ட பாத்தேக் துணித் துண்டு ஒன்றை எடுத்து அதில் வைத்தாள். அளவெடுத்தது போல உட்கார்ந்தது.

"இது யாரோடது கா?"

"என்னோடதுதான். வீட்டுலயும் அங்கதானே நிக்கிறேன். ரெண்டு பக்கமும் இழுப்பாங்க, தையல கெட்டியா போடு."